கண் திறவாத கணிப்பொறி

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கணிப்பொறியைப் பூட்டிக்கொள்ளும் இளைஞர் இன்று பலர். சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் வேண்டிய உறுப்புகள் எல்லாம் கிடைக்கின்றன. ஒரு திருப்புளியும் சற்றுப் பொறுமையும் இருந்தால் பூட்டிவிடலாம். ஆயின், முடிவில் பொத்தானை அழுத்தியதும் பொறி கண் திறவாமற்போனால் என் செய்வது? ‘மதர்போர்டு கெட்டுவிட்டது’ என்று தாமே தீர்ப்பெழுதி, வேறொன்று வாங்கப் புறப்படுவோர் உண்டு. பெற்றோர் சிறுகச் சேர்த்த பணம் அதனால் வீணாகும். ‘இது நமக்கு வராது’ என்று பிள்ளை சோர்ந்துவிடுவது அதனினும் பெரிய நட்டமாகும். ஆகவே, குறையை முறையாகத் தேடும் வழியை இன்று காண்போம்.

முதலில், குறை எவ்வகையது என்று பிரித்தறிய வேண்டும். அது மூவகைப்படும்.

முதலாவது, விசிறிகூடச் சுழலாமை. இங்கே மின்சாரத்தின் வழியைப் பின்தொடர்க. சுவரிலுள்ள சுவிட்சு, மின்கம்பி, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பின்புறச் சுவிட்சு, மதர்போர்டில் செருகும் 24 முனை இணைப்பு, கேபினெட்டின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரு கம்பிகள் என வரிசையாக நோக்குக. இறுதியிற் சொன்ன கம்பிகளை ஒரு முனை தள்ளிச் செருகிவிடுதல் எளிதில் நேரக்கூடிய பிழை.

இரண்டாவது, விசிறி சுழன்றும் திரை இருண்டிருத்தல். செயலிக்கெனத் தனியே 4 அல்லது 8 முனைகளையுடைய மின் இணைப்பு உண்டு. அது விடுபட்டால் இந்நிலை நேரும். ராம் தகடு ஓசையெழப் பதியும்வரை அழுந்தியதா என்று பார்க்க. தனியே கிராபிக்ஸ் கார்டு பூட்டியிருப்பின், திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் அந்தக் கார்டிலேயே செருக வேண்டும். டி.டி.ஆர்.5 வகை ராம் பூட்டிய பொறி, முதன்முறை தன் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்குள் அவசரப்பட்டு நிறுத்துதல் ஆகாது. செயலி புதியதாகவும் மதர்போர்டு பழைய இருப்பாகவும் இருப்பின், அதன் பயாஸ் நிரல் அச்செயலியை அறியாதிருக்கலாம்.

மூன்றாவது, திரையில் எழுத்துத் தோன்றியும் விண்டோஸ் போன்ற இயங்குதளம் எழாமை. புதிய வட்டில் இயங்குதளமே இன்னும் பதியப்படவில்லை எனில், பொறியிடம் பிழையில்லை. பதிந்திருப்பின், பயாஸ் பட்டியலில் வட்டின் பெயர் தெரிகிறதா, அதிலிருந்தே தொடங்குமாறு வரிசை அமைந்திருக்கிறதா என்று நோக்குக.

பொறி தானும் நமக்குக் குறிப்புத் தருகிறது. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறி, தன்னைத்தானே சோதித்துக் குறையில்லை என்று கண்டால் ஒருமுறை ‘பீப்’ என ஒலிக்கும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் செயலி, ராம், கிராபிக்ஸ், வட்டு ஆகியவற்றிற்கெனச் சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாது நிற்கிறதோ, அங்கே தேடுக.

இவற்றாலும் விளங்காவிடில், உறுப்புகளைக் குறைத்துக்கொண்டே வருக. மதர்போர்டு, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ராம் தகடு, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை மட்டும் போதும். செயலியில் காட்சித்திறன் இல்லையேல் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்துச் சோதிப்பது நன்று. அங்கே இயங்கினால், கேபினெட்டின் உலோகத்தில் எங்கோ படுகிறது என்று ஐயுறலாம். பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்து வருக. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது விளங்காது. செய்ததை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதைக் கழற்றுமுன்னும் மின்கம்பியைப் பிடுங்கிவிடுக. வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிக்கொள்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.

இத்தனையும் செய்தபின் உறுப்பே பழுது என்று தெரிந்தால், உத்தரவாதச் சீட்டோடு அக்குறிப்பேட்டையும் கடைக்கு எடுத்துச் செல்க. ‘ஓடவில்லை’ என்று மட்டும் கூறுவோனைவிட, ‘இன்னின்னவற்றைச் சோதித்தேன், இவ்விடத்தில் நின்றது’ என்று கூறும் இளைஞனுக்கு விரைவில் விடை கிடைக்கும். பெற்றோர்களே, பிள்ளை அவ்வாறு தேடிக்கொண்டிருக்கும்போது கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் இருந்து விளக்கைப் பிடியுங்கள்.