கூடும் கமராவும்



கல்முனைக்குத் தெற்கே, பொத்துவில், பாணமை கடந்தால், 1938இல் சரணாலயமாக்கப்பட்ட குமண வரும். மே, ஜூன் மாதங்களில் நாரையும் கொக்கும் அங்கே கண்டற் காட்டிற் கூடு கட்டும்.

வெண்கொக்கு வெயிலில் இருக்க, பின்னே கரிய இலைகள் நிறைந்திருந்தால், கமரா இருளை அளந்து ஒளியைக் கூட்டிவிடும். இறகின் வரிகள் அழிந்துபோம். ஆகவே ஒளியை ஒரு படி குறையுங்கள். கண்ணிற் கூர்மை நிற்கட்டும். பறவை நோக்கும் பக்கத்தில் வெளி விடுங்கள்.

கூடு தெளிவாகத் தெரியவென்று இலையை ஒடிப்பாரும் உளர். அது ஆகாது, அவ்விலையே குஞ்சுக்குக் குடை. நெருங்கினால் தாய் அஞ்சிப் பறக்கும். குஞ்சை வெயில் வாட்டும், காகம் கொத்தும். தூர வில்லையுடன் எட்டியே நில்லுங்கள். இலை சற்று மறைத்த படமும் நல்ல படமே. தவறிய படத்தை மறுநாள் எடுக்கலாம். இறந்த குஞ்சை மீட்கலாமோ?