குடும்ப வழக்கும் சமரசமும்: என் வீட்டுக் கதையோடு சில குறிப்புகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு, முப்பது வருடத்துக்கு மேல் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற கிளார்க். குடும்ப வழக்குகளைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி இரண்டுதான். ஒன்று, இறந்துபோனவரின் டெபாசிட்டுக்காக அண்ணன் தம்பிகள் என் கண் முன்னால் சண்டை போட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு, என் சொந்தத் தங்கைக்கு எதிராக நானே நான்கு வருடம் கோர்ட்டில் நின்றிருக்கிறேன்.

கவுன்டரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சார், நாமினி நான்தான். பணம் எனக்குத்தான்." அது சரியல்ல. நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் பேங்க்கின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். வாங்கியவர் அதை வாரிசுகள் அனைவருக்காகவும் வாங்கி வைத்திருப்பவர். ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. எத்தனையோ பேருக்கு இதைப் பொறுமையாக விளக்கிய நான், என் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எங்கள் அப்பா பள்ளி ஆசிரியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடனும் வாங்கி, ஊரில் ஓர் ஓட்டு வீடு கட்டினார். உயில் எழுதவில்லை. 2003-ல் அப்பா போனார். 2011-ல் அம்மா போனார். கடைசிப் பதினான்கு மாதம் அம்மா படுத்த படுக்கையாக இருந்தது தங்கை வீட்டில். நானும் தம்பியும் மாதா மாதம் பணம் அனுப்பினோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

அம்மா போன ஆறாவது மாதம் வீட்டுக்கு நல்ல விலை வந்தது. நானும் தம்பியும் போனில் பேசி, விற்பது என்று முடிவு செய்தோம். தங்கையைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பத்திரம் எழுதுபவர்தான், "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிடுங்க சார்" என்றார். நான் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பேங்க்கில் வாடிக்கையாளருக்கு எழுதும் அதே நடையில்: உனக்குத் திருமணம் ஆனது 1984-ல், 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்களுக்குச் சட்டப்படி பாகம் கிடையாது. ஆகவே இத்துடன் உள்ள பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

அந்தக் கடிதத்தில் சட்டமும் தப்பு, முறையும் தப்பு.

சட்டத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம் குடியிருப்பிலும் பலர் இதே தப்பில் இருக்கிறார்கள். 1989-ஆம் வருடத் தேதி தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தில் வருவது. அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு மட்டும். அதிலும் 9.9.2005 முதல் மத்திய அரசின் திருத்தம் வந்து, திருமணமான தேதியைப் பார்க்காமல் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும், வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது.

எங்கள் வீடோ பூர்வீகச் சொத்தே இல்லை. அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பாகம் என்பது 1956 முதலே சட்டம். குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. அதையும் 2005-ல் எடுத்துவிட்டார்கள். ஆக, அம்மாவுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரர்கள். என் கடிதம் வெறும் அதிகாரம்.

தங்கை கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாங்களும் ஒரு வக்கீலைப் பிடித்துப் பதில் கொடுத்தோம். 2012-ல் பாகப்பிரிவினை வழக்கு. அதன் பிறகு வாய்தா மேல் வாய்தா. வீட்டை வாங்க வந்தவர் போய்விட்டார். பூட்டிக் கிடந்த வீட்டில் பின்கட்டு ஓடு சரிந்தது. 2014-ல் தங்கை மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கூரியரில் வந்தது. நானும் போகவில்லை, தம்பியும் போகவில்லை. தாய்மாமன் இரண்டு பேர் உயிரோடு இருக்க, அந்த இடத்தில் தூரத்து உறவினர் ஒருவர் நின்று சீர் செய்தாராம். எந்தக் கோர்ட்டுத் தீர்ப்பும் அந்த ஒரு நாளை எனக்குத் திருப்பிக் கொடுக்காது.

2016-ல் நீதிபதி எங்கள் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச தீர்வு மையம் தொடங்கிவிட்டார்கள். மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. அங்கே கட்டணம் கிடையாது. அறையில் பேசியதைப் பிறகு வழக்கில் யாரும் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், வழக்கு பழையபடி நடக்கும்.

அந்த அறையில் நடந்ததைத் தங்கையிடம் கேட்டுக்கொண்டுதான் உங்களிடம் சொல்கிறேன். இந்த முறை கேட்டேன்.

சமரசம் செய்தவர் ஒரு மூத்த பெண் வக்கீல். மேஜை மேல் இருந்த கேஸ் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "வீட்டை அப்புறம் பேசலாம். என்ன நடந்ததுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யாரும் குறுக்கே பேசக்கூடாது" என்றார்.

தங்கை பேசினாள். "எங்க அண்ணன் பேங்க்ல எல்லாருக்கும் ரூல் சொல்றவர். எனக்கும் ரூல்தான் சொன்னார். அம்மா கடைசி மாசம் எப்படி இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. வீட்டை விக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. என்கிட்ட யாரும் கேக்கலையே."

எங்கள் இரண்டு தரப்பு மனுக்களையும் சேர்த்தால் நாற்பது பக்கம் இருக்கும். சர்வே எண், எல்லை, மதிப்பு எல்லாம் இருந்தது. இந்த நாலு வாக்கியம் மட்டும் எங்கேயும் இல்லை. நான்கு வருடமாக நாங்கள் வேறு எதையோ வைத்து வழக்காடிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். "தப்புதாம்மா, மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "பாகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன்" என்றேன். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், மன்னிப்பைக் காட்டிப் பாகத்தில் தள்ளுபடி கேட்காதீங்க. உறவு வேணும்னா முதல்ல அவங்க உரிமையைக் கொடுங்க" என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

மூன்று அமர்வுகளில் முடிந்தது. தங்கை தன் மூன்றில் ஒரு பாகத்தை முழுசாக வாங்கிக்கொண்டாள். அம்மாவின் வைத்தியத்துக்கு அவள் கையை விட்டுச் செலவழித்ததை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பிரிப்பது என்று எழுதினோம். அதை அவள் கேட்கவில்லை, தம்பிதான் சொன்னான். கோர்ட் அப்படியே தீர்ப்பாணை கொடுத்தது. தங்கை கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. பத்திரத்தில் எழுத முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. வழக்குப் போட்ட நாளிலிருந்து அம்மா திதிக்கு நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடுவோம் என்று இரண்டு பேரும் வாயால் சொன்னோம்.

இப்படிப் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர் இருப்பது ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் 1974-ல் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். ஜெயிலுக்கு அனுப்பாமல், சேதப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே போய் நேரில் சந்தித்து நஷ்டத்தை ஈடுகட்டச் சொன்னார் நீதிபதி. நியூசிலாந்தில் 1989-ல், மாவோரி மக்களின் வழக்கத்தையொட்டி, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் உற்றார் உறவினர் கூடிப் பேசும் முறையைச் சட்டமாகவே ஆக்கினார்கள். ஹோவர்ட் ஸேர் என்ற அமெரிக்க அறிஞர் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கித் தந்திருக்கிறார். யாருக்குக் காயம்? அவர்களுக்கு என்ன தேவை? அதைச் சரி செய்வது யார் பொறுப்பு? எந்தச் சட்டத்தை மீறினாய் என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதைக் கேட்டதும் சிலர், "நம்ம ஊர்ல பெரியவங்க பேசித் தீர்க்கிறதுதானே சார் இது" என்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா தங்கையிடம் போய், "பொம்பளைப் பிள்ளை, விட்டுக் கொடுத்துப் போம்மா" என்று சொன்னார். அதற்குப் பெயர் சமரசம் இல்லை. பலவீனமானவரை மடக்கிக் கையெழுத்து வாங்குவது கட்டப்பஞ்சாயத்து. அது தெருவில் நடந்தாலும் தப்பு, கூடத்துச் சோபாவில் நடந்தாலும் தப்பு. அதேபோல, அடி உதை நடக்கும் வீட்டில் "சமாதானமாகப் போங்கள்" என்று அறிவுரை சொல்லாதீர்கள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181. மூத்த குடிமக்களுக்கு 14567.

இனி, வீட்டுக்கு எடுத்துப் போகச் சில குறிப்புகள்.

முதலாவது, உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதினால் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. எழுதுவதற்கு முன் பிள்ளைகள் எல்லோரையும், முக்கியமாக மகளை, உட்கார வைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது, வழக்குப் போட்டுவிட்டால் சமரசம் முடியாது என்று நினைக்காதீர்கள். எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் சமரசத்துக்கு முயற்சி செய்ய வேண்டியது நீதிபதியின் கடமை என்று 1984-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. மக்கள் நீதிமன்றமும் உண்டு. அங்கே உடன்பட்டு முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகையால் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

நான்காவது, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்ற மனக்குறை உள்ள பெற்றோருக்கு 2007-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்கு உத்தரவிடலாம். அதிலும் விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேச வைக்க இடம் இருக்கிறது. தயங்க வேண்டாம்.

ஐந்தாவது, சமரசத்துக்கு வக்கீலை மட்டும் அனுப்பாமல் நீங்களே போங்கள். காயம் உங்களுடையது. அதை வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

கூட்டத்தில் ஒருவர், "நம்ம சங்கமே இந்தப் பஞ்சாயத்தைச் செய்யலாமே" என்று கேட்டார். என் கருத்து, வேண்டாம். நமக்குப் பயிற்சி கிடையாது. ஒரே படிக்கட்டில் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள் ரகசியம் காப்பதும் கஷ்டம். ஆனால் தனியாகப் போகப் பயப்படுகிறவரோடு சமரச மையத்துக்கோ ஆணைக்குழுவுக்கோ துணைக்குப் போகலாம். மனு எழுத உதவலாம். அந்த வேலைக்கு நான் தயார். வாரநாட்களில் காலை பத்து மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன்.

போன வருடம் அம்மா திதிக்குத் தங்கை வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினாள். தாய்மாமன் இடத்தில் நின்றிருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர், சீரைச் சரியாகவே செய்திருக்கிறார். ஆல்பத்தை மூடி அவள் கையில் கொடுத்தேன். ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இன்று தபாலில் போடாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள்.