உள்ளாளே வைத்த கன்னம்
(படக்காட்சிக்கு முன் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நாம் பார்க்கப்போகும் படத்தில் பாட்டில்லை, சண்டையில்லை. ஆனால் திருட்டு உண்டு. அமெரிக்கரான சார்லஸ் பெர்குசன் 2010-ல் எடுத்த ‘இன்சைட் ஜாப்’ என்ற ஆவணப்படம் இது. வீட்டுக்குள் இருப்பவனே கன்னம் வைத்த திருட்டு என்பது பெயரின் பொருள்.

2008-ல் உலகை உலுக்கிய நிதி நெருக்கடியைப் புயல் என்றார்கள். எதிர்பாராத விபத்து என்றார்கள். ஏழைகள் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கியதே காரணம் என்றும் பழி போட்டார்கள். இந்தப் பொய்யைத்தான் படம் உடைக்கிறது.

நடந்தது என்ன? நமக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவிக்காரன், பணம் திரும்புமா என்று பலமுறை யோசிப்பான். புரோநோட்டு அவன் பெட்டியில் அல்லவா இருக்கிறது! அதை அன்றே வேறொருவன் தலையில் கட்டிவிடலாமென்றால்? யாருக்கும் கொடுப்பான், கமிஷன்தானே குறி! அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை இப்படித்தான் வாரி இறைத்தார்கள். வால் ஸ்ட்ரீட் பாங்கிகள் அந்த நோட்டுகளைப் பொதி கட்டி உலகெங்கும் விற்றன. தரம் மதிப்பிடும் கம்பெனிகள் விற்பவனிடமே கூலி வாங்கின. கழிவுப் பஞ்சுப் பொதிக்கு முதல்தர முத்திரை குத்துவதுபோல் குத்தின. பொதி சொத்தை என்று தெரிந்தே, அது விழுமென்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. அடுத்தவன் வைக்கோற்போருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டு, தீப்பிடிக்கக் காத்திருப்பது போல!

2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. மறுநாளே ஏ.ஐ.ஜி. இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் காக்க 8,500 கோடி டாலர் கடன் வந்தது. அக்டோபரில், பாங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க சர்க்கார் சட்டம் இயற்றியது. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 2009 அக்டோபரில், அந்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வேலையில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

படித்தவர்களும் இதில் பங்காளிகளே. ஐஸ்லாந்தின் நிதி நிலைமை உறுதியானது என்று 2006-ல் அறிக்கை எழுதியவர்களில் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அதற்கு அந்நாட்டு வர்த்தக சபை தந்த கூலி 1,24,000 டாலர்! 2008-ல் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய பாங்கிகளும் கவிழ்ந்தன. அந்தக் கூலியைப் பற்றி அவரிடமே கேட்கிறது படம். அவர் தடுமாறுவதை நீங்களே பாருங்கள்.

2011-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற மேடையில் பெர்குசன் சொன்னார்: மூன்றாண்டு கழிந்தும் நிதி நிறுவனத் தலைவர் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை, இது அநியாயம் என்று.

தோழர்களே, படம் முடிந்ததும் உடனே கலைந்துவிட வேண்டாம். உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசுவோம்: லாபம் வந்தால் அவர்களுக்கு, நட்டம் வந்தால் நமக்கு — இந்தக் கணக்கை எழுதியவன் யார்? மாற்றி எழுதப்போவது யார்?