குறைந்த செலவில் நிறைவான உணவு
(மைசூரு, மண்டி மொஹல்லாவில் மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



மண்டி என்ற பெயரைத் தாங்கிய இடத்தில் நின்று உணவைப் பற்றிப் பேசுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சொல்வது பொருந்தாவிட்டால், கேட்பவர்கள் கடைவீதிக்குச் சென்று விலையை விசாரித்து அதை எளிதில் பொய்யாக்கிவிடுவர். எனவே ஒரு கணக்குடன் தொடங்குகிறேன்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை அளித்தது. 2023 ஜனவரி முதல் அது இலவசமாக்கப்பட்டது. 5 கிலோவை 30 நாட்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 165 கிராம். கலோரிக் கணக்கில் 570 அளவு. உழைத்து வாழும் ஒருவருக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவை. மீதியைக் கைக்காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். அந்தக் கைக்காசு எந்தக் கடைக்குப் போகிறது என்பதே இன்றைய பேச்சு.

இது வெறும் ருசியைப் பற்றிய விவாதமன்று. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். வயிறு நிரம்பினாலும் சத்துக் குறையலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மைசூருக்கு இத்துறையில் ஒரு தனிப்பெருமை உண்டு. 1950இல் இந்நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கு, கடலைமாவு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, உயிர்ச்சத்துக்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, ‘பல்நோக்கு உணவு’ என்ற பெயரில் மலிவான புரத மாவு ஒன்றை அந்நிலையம் உருவாக்கியது. அக்காலத்தில் புரதக் குறைபாடே முதற் பிரச்சினை என்று உலகெங்கும் கருதப்பட்டது. பின்னர் பி. வி. சுகாத்மே, சி. கோபாலன் போன்ற நம் அறிஞர்கள் வேறொன்றைச் சுட்டிக் காட்டினர்: ஏழையின் தானிய-பருப்பு உணவு போதிய அளவில் இருந்தால் பெரும்பாலும் புரதமும் போதிய அளவில் கிடைத்துவிடும், உணவின் மொத்த அளவு குறைவதே முதற் குறை. தனி மாவைவிட, அந்த மாவு கற்பித்த சேர்க்கையே நமக்குப் பயன் தரும் என்பது என் கருத்து. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்கிறது. சோறும் சாம்பாரும் சேர்ந்திருப்பதன் நியாயம் இது. ஆனால், வறுமை மிகும்போது சாம்பாரில் பருப்பு குறைந்து புளித்தண்ணீர் மிஞ்சுகிறது. அங்குதான் அந்த நியாயம் முறிகிறது.

இவ்வட்டாரத்து ராகிக் களியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே, பசும்பாலில்கூட 120தான். பால் வாங்க இயலாத வீட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று. களியுடன் உண்ணப்படும் ‘பஸ்ஸாரு’ என்ற குழம்பு எனக்கு மிகவும் பிடித்த பாடம். வடித்தல் என்று பொருள்படும் கன்னடச் சொல்லால் அதற்கு அப்பெயர். கீரையையும் பயறையும் வேகவைத்து, வடித்த நீரைச் சாறாக்குகின்றனர். வடிகட்டி எடுத்ததைப் பொரியலாக்குகின்றனர். நீரில் கரையும் உயிர்ச்சத்துக்கள் சாக்கடைக்குப் போவதில்லை. அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டும் நம் வழக்கத்தால் தயமின் வீணாவதைக் குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் அய்க்ராய்டு போன்றோர் நெடுநாட்களுக்கு முன்பே எடுத்துரைத்தனர். புழுங்கலரிசியில் அந்த இழப்பு குறைவு. அது மட்டமானது என்று நினைப்போர் இன்றும் உளர்!

கொள்ளைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கப்படும் இப்பயறில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு, துவரையிலும் அவ்வளவே. வேக நேரமாகும், எரிபொருள் செலவாகும் என்று குடும்பத்தலைவியர் கூறுவது உண்மை. இரவு ஊறவைத்தால் அச்செலவு குறையும். முளைகட்டினால் வைட்டமின் சியும் சேரும். ஆனால், நெடுநேரம் கொதித்தால் அது அழிந்துவிடும். ஆகவே, உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால், பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் எதிர்மாறாக நடக்கும். நிலக்கடலை வாங்கும்போது பூசணம் பிடித்தவற்றை எவ்வளவு மலிவானாலும் விலக்குங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வழங்குகிறோம். குடும்பத்துக்குள் பங்கீடு எவ்வாறு நடக்கிறது என்று கேட்பதில்லை. கடைசியில் உண்பவளுக்குப் பல வீடுகளில் சோறு இருக்கும், பருப்பு இராது. களப்பணியாளர் வினாப்பட்டியலில் “யார் கடைசியில் உண்டார், என்ன உண்டார்?” என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. சத்துமாவு டப்பா ஒன்றின் விலையை, அதிலுள்ள மொத்தப் புரதத்தின் கிராம் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு கிலோ கொள்ளின் விலையை 220ஆல் வகுங்கள். நிலக்கடலைக்கும் துவரைக்கும் முட்டைக்கும் இவ்வாறே செய்து, விடைகளை வரிசைப்படுத்துங்கள். கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன, இப்போதே புறப்படலாம்.