ஏட்டிலும் திரையிலும் பொன்னியின் செல்வன்

படித்த கதையைத் திரையிலே காணச் செல்பவர் தனியே செல்வதில்லை. தம் உள்ளத்தில் முன்னரே தீட்டி வைத்த சித்திரங்களையும் உடன்கொண்டே செல்கிறார். மணிரத்தினம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. அப்போது எழுந்த அபிப்பிராய பேதங்களுக்கு வேர் இதுவே.

கல்கியின் நாவல் 1950ஆம் ஆண்டில் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வளர்ந்து, ஐந்து பாகங்களாயிற்று. அதனை இரண்டே படங்களில் அடக்கியதை மூத்த வாசகர் பலர் எளிதில் ஏற்கவில்லை. மணிமேகலை எங்கே என்று வினவினர். சேந்தன் அமுதனே மெய்யான மதுராந்தகன் என்னும் திருப்பம் நீங்கியதற்கு வருந்தினர். ஆதித்த கரிகாலனின் மரணத்தை நூல் மர்மமாகவே விட்டிருக்க, திரை அதனைத் தெளிவாகக் காட்டியதையும் குறைகூறினர். நூலைப் படியாத இளைஞரோ, பெயர்களும் உறவுகளும் மயக்கம் தந்தன என்றனர். ஆயினும் குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் உள்ளம் பறிகொடுத்தனர். படம் பார்த்த பின் நூலைத் தேடிச் சென்றவரும் பலர்.

இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆர்தர் அரசனின் இளமையைப் பற்றி டி. எச். வைட் 1938இல் எழுதிய நாவலை, 1963இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் சித்திரப் படமாக்கியது. குழந்தைகள் களித்தனர்; நூலின் ஆழம் குன்றியதென வாசகர் சிலர் கவன்றனர்.

இனி, மன்னார்த் தீவின் உப்புக்குளத்திலிருந்து இப்படத்தை நோக்குவோம். தாம்போதியைக் கடந்து பெருநிலம் சேர்ந்தால், சிறிது தொலைவிலே மாந்தை இருக்கிறது. அதுவே பழைய மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் விளங்கும் தலம். நாவலின் இரண்டாம் பாகத்தில் 'மாதோட்ட மாநகரம்' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே அந்நகரம் சோழப் படைத்தலைவர் தங்கியிருக்கும் பெருந்துறைமுகமாக எழுந்து நிற்கிறது. திரையிலோ கடலும் போரும் யானையும் இலங்கையாகின்றன. மாதோட்டத்துக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை. பிறருக்கு அது கதைச் சுருக்கம்; இவ்வூராருக்கோ தம் மண்ணின் பெயர் மறைந்த இழப்பு.

அவ்விழப்பு சிறிதன்று. கதையின் இளவரசன் அருள்மொழிவர்மன், 985ஆம் ஆண்டில் அரியணை ஏறி இராஜராஜன் ஆனான். அவன் காலத்தில் மாதோட்டம் இராஜராஜபுரம் என்னும் பெயர் பெற்றது. அங்கே தாழிகுமரன் என்பான் இராஜராஜேச்சரம் என்னும் சிவன் கோயிலை எடுத்தான் என்று சோழர் கல்வெட்டுக் கூறுகிறது. கற்பனைக் கதையில் வரும் நகரம், கல்லில் எழுதிய வரலாற்றிலும் நிற்கிறது.

ஆதலின், நூலைப் போலவே படம் இருக்கிறதா என்பதோடு விவாதம் முடிந்துவிடலாகாது. விடுபட்டது எது, அதனால் யாருடைய நினைவு குறைகிறது என்றும் கேட்டல் வேண்டும். மன்னாரில் படம் பார்த்த பிள்ளைக்கு அந்த ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டி, மறுநாள் மாந்தைக்கு அழைத்துச் செல்வாராயின், திரை விட்டதை அப்பிள்ளையின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.