சபர் முடிந்து வீடு திரும்பும்போது

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம்முடைய ஊரின் பெயரிலேயே முதுமை இருக்கிறது. விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. பழமலை என்றும் முதுகுன்றம் என்றும் முன்னோர் இவ்வூரை அழைத்தனர். அந்த முதுமையைப் பற்றியும், உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றியும் இன்றைய ஜும்ஆவில் சிறிது சிந்திப்போம்.

நம் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் அமர்ந்திருப்பவர்களைப் பாருங்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரயில்வேயில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். 58 வயதில் பணி முடித்த அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த வயது வரம்பு 2020ஆம் ஆண்டு 59 ஆகவும், 2021ஆம் ஆண்டு 60 ஆகவும் உயர்ந்தது. இவர்களுக்கெல்லாம் மாலை போட்டு, வீடு வரை கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள்.

பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் குழைத்தவருக்கும், அச்சில் வார்த்தவருக்கும், சூளைக்கு முன்னால் நின்றவருக்கும் ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. கை நடுங்கத் தொடங்கும் நாளே அவருக்கு ஓய்வு நாள். அவருக்கு மாலை இல்லை. மாதந்தோறும் வரும் ஓய்வூதியமும் இல்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் 20, 25 ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்கள். வெளிநாட்டுப் பிழைப்பைச் ‘சபர்’ என்றே நம் வீடுகளில் சொல்கிறோம். சபர் என்றால் பயணம். பயணம் என்றால் திரும்பி வருதல் உண்டு. ஆனால் திரும்பி வந்தவரை எப்படி வரவேற்பது, வந்தவர் எப்படி நடந்துகொள்வது என்பதை நாம் கற்றுக்கொள்ளவும் இல்லை, கற்றுக்கொடுக்கவும் இல்லை.

ஓய்வு என்னும் நிஃமத்

மனிதன் பலவீனத்தில் தொடங்கிப் பலம் பெற்று, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் அடைகிறான் என்பதை அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் நமக்கு நினைவூட்டுகிறது. ஆகவே முதுமை என்பது தண்டனையன்று. அல்லாஹ் வகுத்த ஒழுங்கு.

ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). சந்தையில் பொருளின் மதிப்பு அறியாமல் ஏமாறுகிறவனைக் குறிக்கும் சொல்லையே நபியவர்கள் அங்கே ஆண்டிருக்கிறார்கள். ஓய்வு கிடைத்தும் அதன் விலையறியாமல் அதைக் கொட்டிவிடுகிறவன், நஷ்டப்பட்ட வியாபாரி.

ஒரு காரியத்திலிருந்து ஓய்ந்ததும் அடுத்த முயற்சியில் எழுந்து நிற்குமாறு ‘அலம் நஷ்ரஹ்’ அத்தியாயம் பணிக்கிறது. அப்படியானால் முஃமினுக்கு ஓய்வு என்பது வேலை நின்றுபோவதன்று, வேலை மாறுவது. அந்தப் புதிய வேலை என்ன? ஒரு நபித்தோழரின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் வருகை

நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகன் ஜஅஃபர் (ரலி) அவர்கள், மக்காவின் கொடுமை தாளாமல் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் வெற்றியின்போதுதான் அவர்கள் நபியவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். கைபரின் வெற்றியால் பெரிதும் மகிழ்ந்தோமா, ஜஅஃபரின் வருகையால் பெரிதும் மகிழ்ந்தோமா என்று பிரித்துச் சொல்ல இயலாத அளவுக்கு நபியவர்கள் மகிழ்ந்தார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

சகோதரர்களே! கவனியுங்கள். ஒரு கோட்டையை வென்ற மகிழ்ச்சியும், ஒரு மனிதர் வீடு திரும்பிய மகிழ்ச்சியும் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. நம் வீட்டுக்குத் திரும்பியவரை நாம் எந்தத் தராசில் நிறுத்தினோம்? பெட்டியைத் திறந்து பார்த்தபின் முகம் மலர்ந்தோமா? பெட்டியைத் திறக்கும் முன்பே மலர்ந்தோமா? 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வேலை இழந்து வெறுங்கையோடு விமானம் ஏறி வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய நெஞ்சம் இந்தக் கேள்விக்கான விடையை அறியும்.

இனி, வந்தபின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொல்லக் கேளுங்கள். ஏழைகளிடம் மிகவும் நல்லவராக இருந்தவர் ஜஅஃபர் என்கிறார்கள். பசித்திருந்த தம்மைப் போன்றவர்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று இருப்பதைக் கொடுப்பார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத நாளில் நெய் தீர்ந்துபோன தோல்பையைக்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைக் கிழித்து, ஒட்டியிருப்பதை வழித்து உண்போம் என்கிறார்கள் (புகாரி).

அபூஹுரைரா (ரலி) மதீனா வந்ததும் அதே கைபர் ஆண்டில்தான். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதாகிவிட்டார்கள். அப்படியானால் அபூஹுரைரா கண்ட அந்த அன்பெல்லாம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்துக்குள் நடந்தது! அபிசீனிய மன்னரின் அவையில் துணிந்து பேசிய அந்த மாமனிதர் முதுமையில் திரும்பியவர் அல்லர். ஏறக்குறைய 40 வயதினர். ஆனாலும் ஊர் திரும்பியபின் அவர்களுக்குக் கிடைத்த நாள்கள் சொற்பம். அந்தச் சொற்ப நாள்களை அவர்கள் நிரப்பியது ஒரு வெற்று நெய்ப்பையால்!

‘கையில் ஒன்றுமில்லை, நான் என்ன தர்மம் செய்வது?’ என்று நினைக்கும் ஓய்வு பெற்ற பெரியவர்களே! உங்களுக்காகவே இந்தச் செய்தி பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

சூளை ஆறட்டும்

நம் தொழிற்பேட்டையில் சூளை வைப்பவரைக் கேட்டுப் பாருங்கள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, மெருகு பூசி, 1,200 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். நெருப்பை நிறுத்திய உடனே கதவைத் திறப்பார்களா? திறக்க மாட்டார்கள். சூடு மெல்ல மெல்லத் தணிய வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு மேற்பரப்பு முதலில் சுருங்கும். உட்புறம் இன்னும் விரிந்தே இருக்கும். பாத்திரம் விரிசல் விடும். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சுட்ட மண்பாண்டம் போல் ஓசை தரும் களிமண்ணிலிருந்து மனிதன் படைக்கப்பட்டதாக அர்ரஹ்மான் அத்தியாயம் உரைக்கிறது. அந்த மனிதனும் 30 ஆண்டுக் காலம் வேலை என்னும் சூளையில் இருந்துவிட்டு வருகிறான். வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக் கணக்கைக் கேட்கிறான். சமையலறையில் குறை காண்கிறான். பிள்ளையின் கைபேசியைப் பறிக்கிறான். அவன் இல்லாத 25 ஆண்டுகளும் பள்ளிக்கூடக் கட்டணம் முதல் பிள்ளைகளின் நிக்காஹ் வரை தனியாகச் சுமந்தவள் அவனுடைய மனைவி. நேற்று வந்தவர் இன்று அதிகாரம் செய்கிறாரே என்று அவள் மனம் சுருங்குகிறது. நானா நேற்று வந்தவன் என்று இவன் மனம் கொதிக்கிறது. விரிசல் விழுவது இப்படித்தான்.

நீண்ட நாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக்குள் நுழைவதை நபியவர்கள் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பயணத்திலிருந்து வந்ததும் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். இவ்விரண்டிலும் ஒரு நயம் இருக்கிறது. வீட்டாருக்குத் தயாராக அவகாசம் கிடைக்கிறது. வருபவருடைய மனமும் அடங்குகிறது. சூளை ஆறுவதற்கு ஷரீஅத் தரும் அவகாசம் இது.

வீட்டுக்குள் ஒரு சுன்னத்

வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்தார்கள் (புகாரி). தாடியையும் தலைப்பாகையையும் சுன்னத் என்று பேணுகிற நாம், வெங்காயம் உரித்துக் கொடுப்பதையும், குடம் நிரப்பி வைப்பதையும் சுன்னத் என்று என்றைக்காவது எண்ணியதுண்டா?

மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் பல ஆண்டுகள் ஒரு முதியவரிடம் வேலை செய்தார்கள். ஒப்பந்தத் தவணையை நிறைவேற்றிவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். வழியில் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டார்கள். குடும்பத்தார் குளிர்காய ஒரு கொள்ளி கொண்டுவரலாம் என்று சென்ற இடத்தில்தான் அல்லாஹ் அவர்களோடு பேசினான் (அத்தியாயம் 28). மனைவி மக்களின் குளிரைப் போக்க நடந்த நடை, நுபுவ்வத்தில் போய் முடிந்தது. குடும்பத்தாருக்குச் செய்யும் சிறு பணியை யார் இனி அற்பம் என்று சொல்ல முடியும்?

பிள்ளைகளே! மருமக்களே!

இது ஒரு பக்கக் கடமையன்று. சில பெரியவர்கள் ஃபஜ்ருக்கு வந்தால் இஷாவுக்குப் பின்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நாள் முழுதும் பள்ளித் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். இபாதத்தின் மீதுள்ள ஆசையால் அமர்ந்திருக்கிறாரா, வீட்டில் பேச ஆளில்லாமல் அமர்ந்திருக்கிறாரா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர், அவருடைய வீட்டார்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிட்டால், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட அச்சட்டம் வழிசெய்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ‘அத்தா, சாப்பிட்டீங்களா?’ என்ற ஒரு சொல்லை எந்தக் கோட்டாட்சியரும் உத்தரவு போட்டு வாங்கித்தர முடியாது. அதை நீங்கள்தான் தர வேண்டும்.

நபியவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது, வீட்டுச் சிறுவர்களை எதிர்கொள்ள அழைத்துச் செல்வார்கள். அப்படி ஒருமுறை அப்துல்லாஹ்வைத் தமக்கு முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகன் ஒருவரைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, ஒரே வாகனத்தில் மூவராக மதீனாவுக்குள் நுழைந்தார்கள் (முஸ்லிம்). அந்த அப்துல்லாஹ் யார் தெரியுமா? நாம் மேலே கண்ட ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன். தம் முதுமைக் காலத்திலும் அவர் சொல்லி மகிழும்படி அந்தச் சவாரி நெஞ்சில் தங்கிவிட்டது. உங்கள் பேரப்பிள்ளையைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மணிமுத்தாற்றுப் பாலம் வரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பணம் செலவில்லை. ஒரு பிள்ளையின் நினைவில் ஆயுளுக்கும் நிற்கும்.

பயணத்திலும் ஒரு வாய்ப்பு

ஓய்வு பெற்றவர்கள் உறவினரைக் காணவும், உம்ராவுக்கும், மருத்துவத்துக்கும் பயணம் போகிறார்கள். ஒருவரை வாகனத்தில் ஏற உதவுவதும், அவருடைய சுமையைத் தூக்கி ஏற்றிவிடுவதும் தர்மம் என்று நபியவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). விருத்தாசலம் சந்திப்பில் ரயில் நிற்பதோ ஓரிரு நிமிடங்கள். மூட்டையோடு தடுமாறும் ஒரு மூதாட்டியை ஏற்றிவிட அந்த நேரம் போதும். அவர் எந்த மதத்தவராக இருந்தால் என்ன? மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சலுகை தருவது அரசின் கையில். கீழ்ப்படுக்கையை விட்டுத்தருவது நம் கையில்.

வயதில் மூத்தவர்தான் பணிவிடை பெற வேண்டும் என்பதும் இல்லை. ஜரீர் (ரலி) அவர்கள் தம்மைவிட இளையவரான அனஸ் (ரலி) அவர்களுக்குப் பயணத்தில் பணிவிடை செய்தார்கள். நபியவர்களுக்கு அன்ஸாரிகள் ஆற்றிய தொண்டைக் கண்டதால், அன்ஸாரியைச் சந்தித்தால் பணிவிடை செய்வதென்று உறுதி பூண்டிருந்தார்கள் (புகாரி). முதுமை பெறுவதற்கு மட்டும் உரிமை தரவில்லை. கொடுப்பதற்கும் இடம் தருகிறது.

அன்பார்ந்தவர்களே! சிரித்த முகத்தோடு சகோதரனைச் சந்திப்பதைக்கூட அற்பமாக எண்ண வேண்டாம் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்தார்கள் (முஸ்லிம்). இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போகிறோம். கதவைத் திறக்கும்போது முகத்தில் புன்னகை இருக்கட்டும். வாயில் ஸலாம் இருக்கட்டும். வீட்டில் பெரியவர் இருந்தால் அவருக்கு அருகே பத்து நிமிடம் அமருங்கள். பெரியவர் நீங்களே என்றால், ஆக்கிய கையைப் பாராட்டிவிட்டு உண்ணுங்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டு. நமக்கு எவ்வளவு என்பதை அல்லாஹ்வே அறிவான்.

வல்ல ரஹ்மான் நம் பெரியவர்களின் ஆயுளில் பரக்கத் செய்வானாக! தொலைதூரத்தில் உழைப்பவர்களை ஸலாமத்தோடு வீடு சேர்ப்பானாக! சேர்ந்த வீடுகளில் அன்பையும் நிம்மதியையும் நிலைக்கச் செய்வானாக! கடைசிப் பயணத்தை அவனுடைய திருப்பொருத்தத்தோடு முடிக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.