காவலூரிலிருந்து பாரதி நிலையம் வரை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பு 'புவிமாதிரி' பாடத்தில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஓர் இடத்தைக் குறிக்கச் சொன்னால் பென்சில் நகராது. ஜவ்வாது மலையில் நான் கண்டது இது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

அதனால் எங்கள் மலையிலேயே தொடங்கினேன். காவலூர் வானாய்வகம் 12°34' வடக்கு, 78°50' கிழக்கு. அங்கே முதல் குண்டூசி. அடுத்தது கோவா. 1981 டிசம்பர் 6 அன்று டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் அங்கிருந்துதான் 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே கப்பலில் புறப்பட்டார்கள். 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினார்கள். பிறகு நம் நாட்டின் இன்றைய நிலையங்கள்: மைத்ரி 70°46' தெற்கு, 11°44' கிழக்கு, பாரதி 69°24' தெற்கு, 76°11' கிழக்கு.

நூலைப் பிடித்துப் பார்த்தபோது, பாரதி ஏறக்குறைய நமக்கு நேர் கீழே இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தூரம்? பலர் 69-லிருந்து 12-ஐக் கழித்தார்கள். நிலநடுக்கோட்டில் விரலை வைக்கச் சொன்னேன். 12 பாகை இறங்கித்தானே அங்கே வர வேண்டும்? கூட்டினார்கள். சுமார் 82 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 9,100 கிலோமீட்டர்.

சிலர் காவலூரின் எண்களை மாற்றிப் போட்டார்கள். கணக்கு வரைபடத்தில் கிடைமட்ட எண் முதலில் வரும், நிலவரைபடத்தில் அட்சம் முதலில் வரும், குழப்பம் இயல்புதான். குறி வடதுருவத்துக்கு அருகே போய் விழுந்தது. அழிக்க வேண்டாம் என்றேன். 2008-இல் இந்தியா தொடங்கிய 'ஹிமாத்ரி' ஆர்க்டிக் நிலையம் அந்தக் குறியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது! எண்களின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பின்வரிசை மாணவி ஒருத்தி, "எங்கப்பா இருக்கிற ஊருக்கும் நம்பர் உண்டா சார்?" என்று கேட்டாள். அவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. மடிக்கேரியின் எண்களைக் கொடுத்தேன்: 12°25' வடக்கு, 75°44' கிழக்கு. குண்டூசியைக் குத்திவிட்டு, "நம்ம வரிசையிலேயே, நேர் மேற்கால இருக்காரு" என்றாள். மறுநாள் இன்னும் நான்கு பேர் ஊர்ப் பெயர்களோடு வந்தார்கள்.